சிங்கப்பூர் சீனக் கடைகளில் கணவாயும் நூடுல்ஸும்: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பசியோடு சிங்கப்பூரின் உணவங்காடி நிலையத்துக்குள் (பல சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் 'ஹாக்கர் சென்டர்') நுழைகிறவர் முதலில் கண்ணில் பட்ட கடையில் சூப் நூடுல்ஸ் வாங்கிவிடுவார். கொதிக்கும் கிண்ணத்தைத் தட்டில் ஏந்திக்கொண்டு இடம் தேடுவார். இடம் கிடைத்ததும் கூட வந்தவர் கணவாய் வாங்கக் கிளம்புவார், அவர் திரும்பி வரட்டும் என்று இவர் காத்திருப்பார். கணவாய் மேசைக்கு வரும்போது நூடுல்ஸ் ஊறிப் பருத்திருக்கும், சூப் பாதி காணாமல் போயிருக்கும். "சீனச் சாப்பாடு இவ்வளவுதானா?" என்று வீட்டுக்குப் போவார்.

சமைத்தவர் மேல் குற்றமில்லை. வாங்கிய வரிசைதான் கோளாறு. அந்த வரிசையைச் சரிசெய்வதற்காகத்தான் இந்த வழிகாட்டி. சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்களிலும், அதேபோல் சில சாப்பாட்டுக் கடைகள் சேர்ந்திருக்கும் காப்பிக்கடைகளிலும் உள்ள சீனக் கடைகளில் கிடைக்கும் நான்கு உணவுகளை முக்கியமாக எடுத்துக்கொள்கிறது: கணவாய் கங்கோங் (கீரையும் கணவாயும்), மீன் உருண்டை நூடுல்ஸ், ஹொக்கியன் மீ (இறால் சாற்றில் வறுத்த நூடுல்ஸ்), சாத்தே பீ ஹூன் (கடலைக் குழம்பு ஊற்றிய மெல்லிய அரிசி நூடுல்ஸ்). மற்ற கணவாய்த் தின்பண்டங்கள் கடைசியில் வரும்.

ஒரு சொல் விளக்கம். நம் ஊர் மீன் சந்தையில் ஓடு உள்ளது ஓட்டுக் கணவாய், குழாய்போல் நீண்டது ஊசிக் கணவாய். சிங்கப்பூர்க் கடைகளில் இரண்டுக்கும் சேர்த்துச் 'சோத்தோங்' என்றே சொல்வார்கள். பலகையில் 'கட்டில்ஃபிஷ்' (ஓட்டுக் கணவாய்) என்று எழுதியிருந்தாலும் தட்டில் வருவது ஊசிக் கணவாயாக இருக்கலாம். யாரும் இதற்காகச் சண்டைபோடுவதில்லை.

1. எதைச் சாப்பிடமாட்டீர்கள் என்பதை வீட்டிலேயே முடிவுசெய்யுங்கள்

கடை முன்னால் நின்று யோசிக்க நேரம் இருக்காது. பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். ஆகவே கிளம்பும் முன்பே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் மூன்று இடங்களில் கவனிக்க வேண்டும். முதலாவது, மேலே தெரியும் இறைச்சித் துண்டும் கொத்திறைச்சியும். இரண்டாவது, பன்றிக் கொழுப்பை உருக்கிய எண்ணெயும், அதில் மிஞ்சும் பொரித்த சிறு கட்டிகளும். ஹொக்கியன் மீ, சார் குவே தியாவ் என்ற வறுத்த அரிசிப் பட்டை நூடுல்ஸ், சூப் ஊற்றாத டிரை நூடுல்ஸ் எல்லாவற்றிலும் இது சகஜம். மூன்றாவது, எலும்பு போட்டுக் கொதிக்கவைத்த சூப்.

"நோ போர்க்" என்று சொன்னால் கடைக்காரர் முதலாவதை மட்டும்தான் விடுவார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. சூப் காலையிலேயே பெரிய பானையில் கொதித்தாயிற்று, எண்ணெயும் கலந்தாயிற்று, உங்களுக்காக அதைப் பிரிக்க முடியாது. பன்றியை முற்றிலும் தவிர்ப்பவர்கள் 'நோ போர்க் நோ லார்ட்' (பன்றி இறைச்சியும் இல்லை, பன்றிக் கொழுப்பும் இல்லை) என்று பலகை போட்ட கடையைத்தான் தேட வேண்டும்.

முஸ்லிம் வாசகர்களுக்கு அந்தப் பலகையும் போதாது. அது ஹலால் சான்று ஆகாது. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் தரும் சான்றிதழ் கடையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே நிலையத்தின் மலாய்க் கடையில் சம்பல் சோத்தோங்கும் (மிளகாய் விழுதில் வதக்கிய கணவாய்), நம்மவர்களின் முஸ்லிம் கடையில் மீ கோரெங்கும் (வறுத்த நூடுல்ஸ்) கிடைக்கும். சீனச் சுவை வராது, ஆனால் கணவாயும் நூடுல்ஸும் வரும்.

நிலக்கடலை ஒவ்வாதவர்கள் கணவாய் கங்கோங்கையும் சாத்தே பீ ஹூனையும் தொடவே வேண்டாம். முன்னதில் கடலையை மேலே தூவுவார்கள். பின்னதில் குழம்பே கடலைதான். இறால் ஒவ்வாதவர்களுக்கு ஹொக்கியன் மீ கிடையாது, அதன் சாறே இறால் தலையில் இறக்கியது.

சாத்தே பீ ஹூனில் வரும் 'சீ ஹம்' என்பது ஒரு வகைச் சிப்பி. சிவந்த நீர் வடிய அரைவேக்காட்டில் போடுவதுதான் வழக்கம். அரைவேக்காட்டுச் சிப்பி வழியே ஹெப்படைடிஸ் ஏ மஞ்சள்காமாலை பரவக்கூடும். கர்ப்பிணிகளும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் "நோ ஹம்" என்று தவறாமல் சொல்லிவிடுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

டிஷ்யூ பாக்கெட் இரண்டு. கடையில் துடைக்கத் தாள் தரமாட்டார்கள், இடம் பிடிக்கவும் அதுதான் ஆயுதம். ஈரத் தாள் இருந்தால் இன்னும் நல்லது, கணவாய்ச் சாறு விரலில் ஒட்டினால் எளிதில் போகாது.

இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி நோட்டுகள் (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்). உள்ளூர் வங்கிக் கணக்கு உள்ளவர்கள் பெரும்பாலும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் கொடுத்துவிடுவார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அது எப்போதும் கைகொடுக்காது, கடன் அட்டையைப் பல சிறு கடைகள் வாங்குவதில்லை. ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டினால் நெரிசல் நேரத்தில் முகம் சுளிப்பார்கள்.

இந்தக் கடைகளில் பலகையில் போட்ட விலைதான் விலை. குளிரூட்டிய உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், 2024 முதல் 9 விழுக்காடாக உள்ள பொருள் சேவை வரியும் மேலே ஏறும்.

3. நேரம்: பதினொன்றே கால், அல்லது இரண்டரைக்குப் பிறகு

பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை அலுவலகக் கூட்டம். அந்த நேரத்தில் முதல்முறை போகாதீர்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் பொழுதிருக்காது.

மாலைக்குத் தள்ளினால் வேறொரு சிக்கல். ஒவ்வொரு கடைக்கும் தனி நேரம், தனி விடுமுறை. மீன் உருண்டை நூடுல்ஸ் கடைகளில் பல காலையில் திறந்து மதியம் முடிந்ததும் மூடிவிடும். சீனப் புத்தாண்டை ஒட்டிப் பல நாட்கள் கதவு திறக்காத கடைகளும் உண்டு. சுத்தம்செய்வதற்காக நிலையமே சில நாட்கள் மூடப்படுவதும் வழக்கம். குறிப்பிட்ட ஒரு கடைக்காகவே போகிறீர்கள் என்றால் அன்று திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்கே போவது? ஓல்டு ஏர்போர்ட் ரோடு, சைனாடவுன் காம்ப்ளெக்ஸ், ஹோங் லிம் ஆகிய மூன்று நிலையங்களிலும் சீனக் கடைகள் நிறைய. லிட்டில் இந்தியாவில் தங்கியிருப்பவர்களுக்குத் தேக்கா நிலையம் பக்கம். அங்கே நம் கடைகளோடு சீனக் கடைகளும் இருப்பதால், குழுவில் ஒருவர் மட்டும் பிரியாணிதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது.

4. முதலில் மேசை, பிறகுதான் கடை

காலி மேசையில் டிஷ்யூ பாக்கெட்டை வையுங்கள். அந்த இடம் உங்களுடையது. இதற்குச் 'சோப்' என்று பெயர், சோப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. எந்தச் சட்டத்திலும் இல்லாத இந்த முறையை ஊரே மதிக்கிறது. மற்றவர் வைத்த பாக்கெட்டை நகர்த்திவிட்டு உட்காராதீர்கள். குடையும் வைக்கலாம். கைப்பேசி வைத்துவிட்டுப் போகிறவர்களையும் பார்ப்பீர்கள், அவர்களைப் பின்பற்ற வேண்டாம்.

மேசையில் எண் ஒட்டியிருந்தால் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சில கடைகள் சாப்பாட்டை மேசைக்கே கொண்டுவரும், எண் தெரியாமல் "அதோ, அந்தத் தூண் பக்கம்" என்று கைகாட்டினால் தட்டு வேறு எங்கோ போய்ச் சேரும். 'செல்ஃப் சர்வீஸ்' என்று எழுதியிருந்தால் நீங்களே நின்று வாங்கிவர வேண்டும்.

பெரிய மேசையில் பாதி காலியாக இருந்தால் கேட்டுவிட்டு உட்காரலாம். முன்பின் தெரியாதவரோடு மேசையைப் பகிர்ந்துகொள்வது அங்கே சாதாரணம்.

5. எதை முதலில் சொல்வது

விதி எளிது. சமைக்க நேரம் பிடிப்பதை முதலிலும், ஆறினாலும் கெடாததை அடுத்தும், ஊறினால் கெடுவதைக் கடைசியிலும் சொல்லுங்கள்.

ஹொக்கியன் மீ நேரம் பிடிக்கும். நல்ல கடையில் இருபது நிமிடம், கூட்டமிருந்தால் நாற்பதும் ஆகும். கணவாய் கங்கோங் ஐந்து நிமிட வேலை, வெதுவெதுப்பாகவே பரிமாறுவார்கள், கால்மணி நேரம் மேசையில் இருந்தாலும் பெரிய நட்டமில்லை. சூப் நூடுல்ஸும் டிரை நூடுல்ஸும் இரண்டு மூன்று நிமிடத்தில் தயார், வந்த ஐந்து நிமிடத்துக்குள் வாய்க்குப் போக வேண்டும். சாத்தே பீ ஹூனும் அப்படித்தான்.

மூன்று பேர் போனால் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் நேராக ஹொக்கியன் மீ வரிசைக்குப் போகட்டும். இன்னொருவர் பானக்கடையில் கரும்புச் சாறோ பார்லியோ சொல்லிவிட்டுக் கணவாய் கங்கோங் வாங்கட்டும். மூன்றாமவர் மேசையைக் காக்கட்டும். ஹொக்கியன் மீ வரிசையில் இருப்பவருக்கு முன்னால் இரண்டு பேர் மட்டும் மிஞ்சும்போது மூன்றாமவர் எழுந்து மீன் உருண்டை நூடுல்ஸ் சொல்லட்டும். மூன்று தட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மேசைக்கு வரும்.

தனியாகப் போனால் ஒரு கணவாய், ஒரு நூடுல்ஸ். அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஏதோ ஒன்று ஆறும்.

6. கணவாய் கங்கோங்

பார்த்ததும் புதியவர்கள் தயங்கும் தட்டு இது. வதக்கிய வள்ளைக்கீரை மாதிரி பச்சையாக ஒரு குவியல், மேலே கண்ணாடிபோல் மினுங்கும் செம்பழுப்புத் துண்டுகள், அதன்மேல் கருஞ்சிவப்புச் சாறு, எள், பொடித்த கடலை. கங்கோங் என்பது நம் வள்ளைக்கீரைதான், இலங்கையில் கங்குன் என்பார்கள்.

அந்தக் கணவாய் பச்சைக் கணவாய் இல்லை. காயவைத்த கணவாயைக் காரநீரில் (மிளகாய்க் காரம் இல்லை, சோடாபோன்ற அல்கலி கலந்த நீர்) ஊறவைத்து மீட்டெடுப்பார்கள். அப்பளக்காரம் மாவுக்கு என்ன செய்கிறதோ, ஏறக்குறைய அதைத்தான் இந்தக் காரநீர் கணவாய்க்குச் செய்கிறது: இறுகிய தசையைத் தளர்த்தி நீரை உள்ளே இழுக்கவைக்கிறது. பிறகு பல முறை நல்ல தண்ணீரில் அலசினால் காரம் போய், பருத்த, கடித்தால் 'நறுக்' என்று உடையும் துண்டு மிஞ்சும். நம் ஊர்க் கணவாய்த் தொக்கின் மென்மையை இதில் தேடினால் ஏமாற்றம்தான்.

சொல்லும் முறை: அளவை விலையாலேயே சொல்வார்கள். சிறியது, பெரியது என்று பலகையில் இரண்டு மூன்று விலை இருக்கும். இருவர் பகிர்ந்துகொள்ளச் சிறியதே போதும், ஏனென்றால் சாறு இனிப்பு, பாதிக்கு மேல் திகட்டும். "சில்லி தனியாக" என்று கேளுங்கள். சில கடைகளில் பீ ஹூனும் சேர்த்துத் தருவார்கள். பசி அதிகமென்றால் அதைக் கேட்டு வாங்கலாம், ஆனால் இன்னொரு நூடுல்ஸ் சொல்லியிருந்தால் வேண்டாம்.

கடைக்காரர் கீரையையும் கணவாயையும் கம்பிக் கரண்டியில் போட்டுக் கொதிநீரில் சில விநாடிகள் முக்கி எடுப்பதைக் கவனியுங்கள். தட்டில் போடும் முன் கரண்டியைத் தட்டித் தண்ணீரை நன்றாக உதறினால் அவர் கைதேர்ந்தவர். உதறாமல் கொட்டினால் சாறு நீர்த்துப்போய்த் தட்டின் அடியில் பழுப்புக் குளமாக நிற்கும்.

வந்ததும் கலக்குங்கள். சாறு மேலே மட்டும் இருக்கும், கலக்காமல் சாப்பிட்டால் முதல் கவளம் சர்க்கரை, கடைசிக் கவளம் வெறும் கீரை. பக்கத்தில் வைத்திருக்கும் கலமான்சி என்ற சிறு எலுமிச்சையைப் பிழிந்த பிறகு சுவைத்துப் பார்த்துவிட்டு, சில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

எப்போது ஒதுக்க வேண்டும்? மூக்கில் ஏறும் அமோனியா நெடியோ, சவர்க்காரக் கசப்போ இருந்தால் அலசியது போதவில்லை. தொட்டால் கூழாக வழிந்தால் ஊறியது அதிகம். செருப்புத் தோல்போல் இழுத்தால் ஊறியது குறைவு, அல்லது கொதிநீரில் மறந்துவிட்டார். முதல் இரண்டில் எது இருந்தாலும் சாப்பிட வேண்டாம். மூன்றாவதால் பல்லுக்குத்தான் வேலை.

7. நூடுல்ஸை ஒரே மூச்சில் சொல்லும் முறை

மீன் உருண்டை நூடுல்ஸ் கடையில் நான்கு விவரங்களை இதே வரிசையில் சொல்ல வேண்டும்: எந்த நூடுல்ஸ், டிரையா சூப்பா, சில்லி எவ்வளவு, இங்கேயா பார்சலா. கடைக்காரர் கை வேலைசெய்யும் வரிசையும் இதுதான். முதலில் நூடுல்ஸை எடுப்பார், அடுத்துக் கிண்ணத்தில் சாறு ஊற்றுவார், பிறகு சில்லி போடுவார், கடைசியில்தான் கிண்ணமா டப்பாவா என்று பார்ப்பார். நீங்கள் "பார்சல், சில்லி வேண்டாம்..." என்று பின்னாலிருந்து ஆரம்பித்தால் அவர் கை நின்றுவிடும்.

எடுத்துக்காட்டு: "ஆன்ட்டி, மீ போக் டிரை ஒன்னு, லெஸ் சில்லி, ஈட் ஹியர்."

அவர் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஃபோர் டாலர், ஃபைவ் டாலர்?" கூடுதல் விலைக்கு உருண்டையும் நூடுல்ஸும் கூடும். முதல்முறைக்குச் சிறியது போதும். கடைக்காரரை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை.

நூடுல்ஸ் வகைகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்:

- மீ: தடித்த மஞ்சள் கோதுமை நூடுல்ஸ்.
- மீ போக்: தட்டையான முட்டை நூடுல்ஸ். டிரைக்கு ஏற்றது.
- மீ கியா: அதே மாவு, மெல்லிய இழை.
- குவே தியாவ்: அகலமான வெள்ளை அரிசிப் பட்டை, வழுவழுப்பு.
- பீ ஹூன்: மெல்லிய அரிசி இழை. சேவை சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு நெருக்கமானது.
- மீ தாய் மாக்: குட்டையாக, இரு முனையும் கூராக இருக்கும் அரிசி நூடுல்ஸ். கரண்டியாலேயே சாப்பிடலாம், குழந்தைகளுக்கு வசதி.
- தாங் ஹூன்: பயற்றமாவில் செய்த கண்ணாடி இழை.

மஞ்சள் மீயில் "சோடா வாசனை வருகிறது" என்று பலர் முகம் சுளிப்பார்கள். கணவாயில் பார்த்த அதே சோடாக் காரம்தான் இதிலும் இருக்கிறது. மாவுக்கு மஞ்சள் நிறமும் இழுவையும் தருவது அது. சூப்பில் போட்டால் அந்த வாசனை சூப்பு முழுக்கப் பரவும். ஆகவே மஞ்சள் மீ, மீ போக், மீ கியா எல்லாம் டிரையாகச் சொல்லுங்கள். சூப் வேண்டுமென்றால் பீ ஹூனோ குவே தியாவோ எடுங்கள். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதிப் புகார் குறைந்துவிடும்.

டிரை என்று சொன்னால் வறண்டு வராது. அடியில் சில்லி, எண்ணெய், சோயா, சில கடைகளில் கறுப்பு வினிகர் எல்லாம் கலந்த சாறு இருக்கும். சூப் தனிக் கிண்ணத்தில் வரும். வைத்த உடனே அடியிலிருந்து புரட்டிக் கலக்குங்கள். படம் எடுத்துக்கொண்டிருந்தால் மீ போக் ஒன்றோடொன்று ஒட்டி அடையாகிவிடும். ஒட்டிப்போனால் பக்கத்துச் சூப்பிலிருந்து இரண்டு கரண்டி ஊற்றிக் கலக்கினால் பிரியும்.

"நோ சில்லி" என்று சொன்னால் சில கடைகளில் அதற்குப் பதிலாகத் தக்காளி சாஸ் ஊற்றிவிடுவார்கள், குழந்தைகள் அப்படித்தான் சாப்பிடுவதால். இனிப்புப் பிடிக்காதென்றால் "நோ கெட்சப்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உருண்டைகளில் மீன் உருண்டை வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். சோத்தோங் உருண்டையில் கணவாய்த் துணுக்குகள் பல்லில் தட்டுப்படும். இரண்டும் கலந்து கேட்கலாம்.

8. ஹொக்கியன் மீ

பெயரில் குழப்பம் உண்டு. கோலாலம்பூரில் ஹொக்கியன் மீ என்றால் கறுப்புச் சோயாவில் பிரட்டிய தடித்த நூடுல்ஸ். பினாங்கில் அதே பெயரில் வருவது இறால் சூப். சிங்கப்பூரில் கிடைப்பது மஞ்சள் மீயும் பீ ஹூனும் சேர்த்து, முட்டையோடு வறுத்து, இறால் தலையும் பன்றி எலும்பும் கொதித்த சாற்றை ஊற்றி வற்றவைத்தது. மேலே இறாலும் கணவாய் வளையங்களும் இருக்கும். மலேசிய நண்பர் சொன்ன அடையாளத்தை வைத்துத் தேடாதீர்கள்.

இதைத் தட்டுத் தட்டாகச் சமைக்கமாட்டார்கள். பெரிய வாணலியில் ஒரே தடவையில் பல தட்டுக்குச் செய்வார்கள். அதனால் வரிசை பத்து நிமிடம் அசையாமல் நிற்கும், பிறகு எட்டுப் பேர் ஒரேயடியாக நகர்வார்கள். அசையவில்லை என்று விலகிப் போய்விடாதீர்கள். வாணலியில் சாறு ஊற்றி மூடிவிட்டார் என்றால் அந்தத் தடவை முடியப்போகிறது என்று பொருள்.

விலையால்தான் கேட்பார்கள்: ஐந்து, ஆறு, எட்டு. ஒருவருக்கு மிகக் குறைந்த விலையே போதும். சம்பலை ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். நம்மவர்கள் காரம் போதாதென்று சம்பல் முழுவதையும் கலந்துவிடுவார்கள். பொறுமையாக வற்றவைத்த இறால் சாறு பிறகு நாக்குக்குத் தெரியாது. பாதித் தட்டு வரை கலமான்சி மட்டும் பிழிந்து சாப்பிட்டுவிட்டு, அடுத்த பாதிக்குச் சம்பல் சேருங்கள்.

கணவாய் வளையத்தைக் கடித்துப் பார்த்தால் சமைத்தவர் கையைக் கணிக்கலாம். கணவாய் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் வெந்து இறங்க வேண்டும், இல்லையென்றால் அரைமணிக்கு மேல் வேக வேண்டும். நடுவில் நிறுத்தினால் ரப்பர்தான். பல கடைகளில் முன்பே வேகவைத்த வளையங்களைக் கடைசியில் சேர்ப்பார்கள், அதனால் மென்மை தப்பும்.

சில கடைகள் பாக்கு மட்டையில் வைத்துத் தரும். தட்டை விட அதைத் தேர்ந்தெடுங்கள். சூட்டில் மட்டையின் வாசனை நூடுல்ஸில் இறங்கும், நம் ஊர் விருந்துத் தட்டின் உறவுக்காரன்தான்.

9. சாத்தே பீ ஹூன்

கணவாயும் நூடுல்ஸும் ஒரே தட்டில் சேரும் இடம். வேகவைத்த பீ ஹூன், கங்கோங், காரநீரில் ஊறிய அதே கணவாய், பொரித்த தோஃபுவான தாவ் போக், பன்றித் துண்டு, சீ ஹம், எல்லாவற்றின் மேலும் கெட்டியான காரக் கடலைக் குழம்பு. முதல்முறைக்கு இதைச் சொல்லாதீர்கள். கணவாய் கங்கோங் பிடித்திருந்தால் அடுத்த தடவை இதற்கு வாருங்கள்.

பீ ஹூன் குழம்பை வேகமாக உறிஞ்சும். பத்து நிமிடம் விட்டால் தட்டில் குழம்பே இருக்காது, கடலைச் சுண்டல் மாதிரி ஒரு கட்டிதான் இருக்கும். இதைக் கடைசியில் வாங்கி முதலில் சாப்பிட வேண்டும். "நோ ஹம்", "நோ லிவர்" என்று வேண்டாதவற்றைச் சொல்லும்போதே தள்ளிவிடலாம். குழம்பு குறைவாகப் பட்டால் "மோர் கிரேவி" என்று கேட்டால் பெரும்பாலும் ஊற்றுவார்கள்.

10. மற்ற கணவாய்த் தின்பண்டங்கள்

சீன ரோஜாக் கடையில் வாட்டிய உலர் கணவாயைக் கூடுதல் விலைக்குச் சேர்த்துத் தருவார்கள். அன்னாசி, வெள்ளரி, பொரித்த மாவுத் துண்டு எல்லாவற்றையும் கறுத்த இறால் விழுதில் பிரட்டிய கலவை அது. கருவாட்டு வாசனை பழகியவர்களுக்குப் பிடித்துப்போகும். 'இந்தியன் ரோஜாக்' வேறு. அது நம் முஸ்லிம் கடைகளில் வடை, பொரித்த பண்டங்களை வெட்டி இனிப்புக் காரச் சாற்றோடு தருவது.

காப்பிக்கடைகளில் கேட்டதும் சமைத்துத் தரும் ஜி சார் என்ற சீன அடுப்பில் மொறுமொறு குட்டிச் சோத்தோங், உப்பு முட்டைச் சோத்தோங் இரண்டும் கிடைக்கும். சிறிய அளவே நான்கு பேருக்குத் தொட்டுக்கொள்ளப் போதும். குட்டிச் சோத்தோங்கில் சர்க்கரைப் பாகு இருப்பதால் ஆறினால் இறுகிப் பல்லில் ஒட்டும். சோறும் கூடச் சொல்லுங்கள், தனியாகச் சாப்பிட்டால் திகட்டும்.

11. பார்சல்

"தா பாவ்" என்றால் பார்சல். டப்பாவுக்குச் சில காசுகள் தனி. சூப் நூடுல்ஸைப் பார்சல் வாங்கும்போது சூப்பைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் வீட்டில் திறக்கும்போது கஞ்சி. பயணத்தைத் தாங்குவது ஹொக்கியன் மீ மட்டும்தான். கணவாய் கங்கோங்கில் சாற்றைத் தனியாகக் கேளுங்கள்.

12. எழுந்திரிக்கும் முன்

தட்டை நீங்களே எடுத்துப் போய்த் திரும்ப வைக்க வேண்டும். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் 1 முதலும், காப்பிக்கடைகளிலும் உணவுக்கூடங்களிலும் 2022 ஜனவரி 1 முதலும் இது கட்டாயம். முதல்முறை பிடிபட்டால் எழுத்துவழி எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம்.

ஹலால் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி அடுக்குகள் இருக்கும். சீனக் கடைக் கிண்ணத்தை ஹலால் அடுக்கில் வைத்துவிடாதீர்கள், அந்த அடுக்கின் பாத்திரங்கள் தனியாகக் கழுவப்படுபவை. பயன்படுத்திய டிஷ்யூ, கலமான்சித் தோல் எல்லாவற்றையும் தட்டோடு எடுத்துச் செல்லுங்கள்.

இடம் பிடிக்க வைத்த டிஷ்யூ பாக்கெட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டுப் போனால் அந்த மேசையில் யாரும் உட்காரமாட்டார்கள், கூட்ட நேரத்திலும் அரைமணி நேரம் காலியாகவே கிடக்கும்.